என்னைக் கேட்காமல் எடுத்த டிக்கெட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் சின்னவனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மொட்டைமாடிக்குப் போய்த் துணி எடுத்து வருகிற அளவுக்குத் தேறிவிட்டார். நலம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைக் கேள். போனில் பேசினால் நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்டால் நான் மனம் இறங்கிவிடுவேன், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அப்பா இதைப் படம் பிடித்து அனுப்புவார். முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு, பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருக்கும்போது போனில் ஒரு விமான டிக்கெட் வந்து விழுந்தது. யாரோ நம்பர் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று பார்த்தால் என் பெயரும் அப்பா பெயரும் இருக்கின்றன. வருவதற்கு மட்டும்தான் டிக்கெட், திரும்பிப் போவதற்கு இல்லை. கூடவே நீ, ஆபீஸ்ல சொல்லிட்டேம்மா, எங்கம்மா வந்து பசங்களைப் பாத்துக்குவாங்கன்னு, என்று குரல் பதிவு வேறு அனுப்பியிருந்தாய். மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராகப் பறக்க வேண்டிய அந்தப் பெரிய பதவிக்குத் திங்கட்கிழமை கையெழுத்துப் போடப்போகிறாய். நாலு மணிக்கு வீடு திரும்பிவிடலாம் என்று போன மாதம் நீயே வாய் நிறையச் சொன்ன இன்னொரு வேலையை விட்டுவிடப்போகிறாய். எல்லாம் முடிவாகிவிட்டது, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பது மட்டும்தான் பாக்கி. அப்பாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அன்று சாயங்காலமே சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து நடு அறையில் இழுத்து இழுத்துப் பார்த்தார். முடிவெட்டுகிறவரில் இருந்து எதிர்வீட்டுத் தையல்காரம்மா வரை எல்லோருக்கும் செய்தி போய்விட்டது.

எனக்கும் ஒரு வேலை இருக்கிறது, உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்கு வீட்ல போரடிக்குது, அதான் வேலைக்குப் போறாங்க, என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. எனக்குப் போரடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை நர்ஸ்களுக்கும் டியூட்டி போடுகிறவள் நான். யாரை எந்த ஷிப்டில் போடுவது, யார் லீவு கேட்டால் அந்த இடத்தை யாரைக் கொண்டு நிரப்புவது என்று பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து பார்க்கும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது. அந்த அட்டவணையில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு, யார் வரவில்லையோ அவருக்குப் பதிலாக நிற்கிறவருக்கானது. நானே கூட யாரையும் கேட்காமல் அதில் போட மாட்டேன். நீ என்னைப் போட்டுவிட்டாய்.

டியூட்டி போடுகிற அந்த நாற்காலியில் இருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேட்டால் கேள். சம்பளத்தை விடு, வேலை நேரம் நீளமா குட்டையா என்பதைக்கூட விடு, இன்றைக்கு அம்மா எப்போது வருவாள் என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்று பார். இரவு ஷிப்ட் பார்க்கிற பெண்களின் பிள்ளைகள்கூடச் சமாளித்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் காலையில் அம்மா வருவது நிச்சயம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒருத்தி பொறுப்பாளர் பதவிக்கு ஏறினாள், எந்த நேரமும் போன் வரும். அவள் பையன் போனை எடுத்து ஷூவுக்குள் ஒளித்து வைத்தானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், மாப்பிள்ளை கோபித்தாலும் சரி. இந்தக் கணக்கில் அவர் எங்கே? உனக்கு வேலை மாறும், எனக்கு ஊரே மாறும், அவருக்கு மட்டும் டீ குடிக்கிற நேரம்கூட மாறாதா? நீ பறக்கத்தான் வேண்டுமென்றால் பற, உனக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் இடத்தில் நிற்க வேண்டியவர் பிள்ளைகளின் அப்பா.

இத்தனையும் எழுதுகிறேனே, உண்மையைச் சொல்லட்டுமா, புதன்கிழமை நான் இறங்கிவிட்டேன். பெற்ற மனது கேட்கவில்லை. தலைமை நர்ஸிடம் போய், மாசக் கடைசியில நின்னுக்கிறேன், வேற ஆளைப் பாருங்க, என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்குச் சொல்லலாம் என்று வியாழக்கிழமை போனை எடுத்தேன், அதற்குள் மாப்பிள்ளை நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. பேசியது பெரியவள். ஒரே தண்ணீர்ச் சத்தம், நடுவில் கிசுகிசுவென்று அவள் குரல். பாட்டி, நீ வராதே, என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ வந்தாதான் அம்மா அந்த பிளேன் வேலைக்குப் போக முடியும், நீ வரலைன்னா போக மாட்டாங்க, அப்பாகிட்ட சொன்னாங்க, என்றாள். பிறகு என் மனது நோகும் என்று நினைத்தாளோ என்னவோ, உன்னைப் பிடிக்காம இல்ல பாட்டி, லீவுக்கு வா, என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

நேற்றுக் காலையில் முதல் வேலையாகத் தலைமை நர்ஸிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் வரவில்லை. எந்த வேலையில் சேர்வது என்பது உன் முடிவு, அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு பொழுது பெரியவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கு என்ன தோணுதும்மா, என்று கேள். அவள் வாய் திறக்கிற வரைக்கும் நீ பேசாதே. அவள் சொன்னதைக் கேட்ட பிறகும் பெரிய வேலைதான் என்றால் அப்போதும் நான் உன் அம்மாதான், வாழ்த்தத்தான் செய்வேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக நன்றாக இருங்கள், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, அவள் என்னோடு பேசியது உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. நான் அவளுக்குப் பதில் சொல்வதற்குள் போன் நின்றுவிட்டது. எவ்ளோ நேரமாக் கூப்பிடறேன், குழாயை மூடிட்டு வெளிய வா, என்று நீ குளியலறைக் கதவைத் தட்டியது எனக்கும் கேட்டது.

என்றும் அன்புடன்,
அம்மா