வீட்டுக்கு வராத மோரான் கெண்டைகள்

என் அருமை மாமா,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்களோடு பேசப் பிடிக்காமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. செத்தவரோடு என்ன சண்டை என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். எதிரில் உட்கார்ந்து சண்டை போடக்கூட வாய்ப்புக் கொடுக்காமல் போய்விட்டீர்கள். அதனால் மொத்தச் சண்டையையும் நான் ஒருத்தியே போட வேண்டியிருக்கிறது.

அன்று காலை எனக்கு எப்படி விடிந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளியில் முதல் பீரியட், எட்டாம் வகுப்பு. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது முறைதான் எடுத்தேன்.

“அண்ணி, நான் சாதிக் பேசறேன். வில்லியனூர்ல செல்போன் கடை வச்சிருக்கேன். அண்ணன் ஆத்துல மீன் புடிச்சிக்கினு இருந்தாரு. திடீர்னு நெஞ்சப் புடிச்சிக்கினு ஒக்காந்துட்டாரு. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். பெரியாஸ்பத்திரிக்கு வந்துடுங்க அண்ணி.”

“எந்த அண்ணன்? எந்த ஆறு?” என்றேன். “ராங் நம்பருங்க. எங்க வூட்டுக்காரரு சேதராப்பட்டுல கம்பெனில இருக்காரு.”

“ஒதியம்பட்டு ஏழுமலை அண்ணன்தானே?”

அப்போதும் நான் நம்பவில்லை. ஊரில் வேறு ஏழுமலை இருப்பார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உங்கள் எண்ணுக்கு அடித்தேன். அதை எடுத்ததும் அதே சாதிக்தான்.

நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தீர்கள். முந்தின நாள் சாயங்காலம் நான் இஸ்திரி போட்ட நீலச் சட்டை, பையில் கம்பெனி பெயர் தைத்தது. பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. காலெல்லாம் மணல். பிளாஸ்டிக் கம்பெனியில் மணல் ஏது? நான் முதலில் யோசித்தது அதைத்தான், மாமா. அழுகைகூட அப்புறம்தான் வந்தது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசர் எடுத்தார். “அவரு நின்னு எட்டு மாசம் ஆவுதேமா. ஒரே நாள்ல கொஞ்சம் பேர எடுத்தாங்க, அதுல அவரும் ஒருத்தரு. உங்களுக்குத் தெரியாதா?”

உங்களுக்குத் தெரியாதா? சாவு வீட்டில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? உங்கள் தங்கை கேட்டாள். எதிர் வீட்டுக்காரர் கேட்டார். பந்தல் போட வந்தவர்கூட யாரிடமோ கேட்டது என் காதில் விழுந்தது. புருஷனைப் பறிகொடுத்தவளைப் பார்க்க வந்தவர்கள், ஏமாந்தவளை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

எட்டு மாதம். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுப்பீர்கள். சேதராப்பட்டு வடக்கே இருக்கிறது, நீங்கள் தெற்கே பூரணாங்குப்பத்துக்குப் போயிருக்கிறீர்கள். கடலை ஒட்டி ஆறு அகலமாகக் கிடக்கிற இடத்தில் மத்தியானம்வரை நின்றுவிட்டு, ஷிப்ட் முடிந்தவர்போலத் திரும்பி வந்தீர்கள். கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை மாதாமாதம் சம்பளம் என்று என் கையில் கொடுத்தீர்கள். முகம் கறுத்துப்போய் வந்ததைப் பார்த்து “இன்னாங்க இப்படிக் கறுத்துட்டீங்க?” என்று நான் கேட்டேனே, “இப்பல்லாம் வெளியில லோடிங் வேலைம்மா” என்று ஒரு நொடி யோசிக்காமல் சொன்னீர்களே! நான் கற்றாழை வெட்டி வந்து உங்கள் கழுத்தில் தடவினேன். கண்ணை மூடிக்கொண்டு காட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?

சாதிக்கிடமும் நீங்கள் உண்மை சொல்லவில்லை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். “தூங்காம வந்து நிக்கறாரேன்னு எனக்கே பாவமா இருக்கும் அண்ணி,” என்றான். நான் கட்டிக் கொடுத்த சோற்றை அவனோடு பங்கு போட்டுத் தின்றிருக்கிறீர்கள். என் கருவாட்டுக் குழம்பு நன்றாக இருக்கும் என்று, உங்களைப் புதைத்த மூன்றாம் நாள் அவன் அழுதுகொண்டே சொன்னான். நீங்கள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். நம் யாழினிக்குத் தெரியும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

காரியம் முடிந்து ஆட்கள் போன பிறகு அவளே சொன்னாள். சாதிக் தன் இணையப் பக்கத்தில் போட்ட வீடியோ ஒன்றை, காலேஜில் கூடப் படிக்கிற பெண் “இது உங்கப்பா மாதிரியே இருக்காருல்ல?” என்று காட்டியிருக்கிறாள். அன்றைக்கே உங்களிடம் கேட்டிருக்கிறாள். “அம்மாவுக்கு நானே சொல்லிக்கிறேன், நீ சொல்லாதடா” என்றீர்களாம். அதற்கப்புறம் மூன்று மாதம் இருந்தீர்கள், மாமா. மூன்று மாதம்!

“என்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி பயம் அந்த மனுஷனுக்கு?” என்று கத்தினேன். “நான் திட்டிடுவேனா? வூட்ட வுட்டுத் தொரத்திடுவேனா?”

“நீ திட்ட மாட்டம்மா,” என்றாள். “நீ உடனே போன எடுத்து வேற வேலை புடிச்சிக் குடுத்துடுவ. அப்பாவுக்கு அதான் பயம்.”



ஏழு வருடத்துக்கு முன்னால் உங்கள் பழைய கம்பெனியை மூடினார்களே, அன்று சாயங்காலமே எங்கள் கரஸ்பாண்டென்ட்டுக்குப் போன் போட்டேன். மூன்றே நாளில் என் பள்ளிக்கூடத்து கேட்டில் விசிலோடு நின்றீர்கள். வீடு நிமிர வேண்டுமே என்றுதான் செய்தேன். தப்பா அது? என்னோடு வேலை பார்க்கிற டீச்சர்களுக்கெல்லாம் நீங்கள் கேட் திறந்துவிட வேண்டியிருந்தது. எனக்கும் திறந்துவிட்டீர்கள். ஒருநாள் காரை எங்கே நிறுத்துவது என்று ஒரு பையனின் அப்பா உங்களை வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமாக வந்தேன். பார்க்காததுபோல உள்ளே போய்விட்டேன்.

நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னீர்கள். அங்கே ஒரு வருடம் நின்றீர்கள். அதற்கான தண்டனையா இது? அப்படியென்றால் அன்றைக்கே தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாமே!

அந்த வீடியோவை எனக்கு யாழினி போட்டுக் காட்டினாள். ஒரு நிமிடம்கூட இல்லை. முழங்கால் தண்ணீரில் கம்பெனிச் சட்டையோடு நிற்கிறீர்கள். நூலில் கட்டிய விரல்நீளப் பொம்மை மீன் ஒன்று தண்ணீருக்கு மேலேயே இடமும் வலமும் தலையை ஆட்டிக்கொண்டு வருகிறது. திடீரென்று தண்ணீர் உடைகிறது. வெள்ளித் தகடுபோல ஒரு மீன் ஆளுயரத்துக்கு எழும்பி உடம்பை உதறுகிறது. நீங்கள் தூண்டில் கம்பின் நுனியைத் தண்ணீர்வரை தாழ்த்துகிறீர்கள். மறுபடி குதிக்கிறது, மறுபடி தாழ்த்துகிறீர்கள். “அடிச்சிட்டான்டா சாதிக்கு, அடிச்சிட்டான்!” என்று சிரிக்கிறீர்கள்.

இருபத்தோரு வருடம் உங்களோடு வாழ்ந்தவள் நான். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

கடைசியில் மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றி, அது தெளிகிறவரை தாங்கி நின்று விட்டுவிடுகிறீர்கள். கீழே ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் பாராட்டியிருக்கிறார்கள். நீங்கள் போன பிறகு ஒருவர், “பிடித்த மீனையெல்லாம் விட்டுவிட்ட பெரிய மனசு” என்று எழுதியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் யாழினியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். சாதிக் உங்கள் கம்பைக் கொண்டுவந்திருந்தான். இவ்வளவு நாள் அது அவன் கடையில்தான் இருந்திருக்கிறது. கையில் வாங்கினால் கனமே இல்லை. நூல் என் தையல் மிஷின் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

“இத வச்சா அவ்ளோ பெரிய மீனப் புடிச்சாரு?” என்றேன்.

“தடிக் கம்பு, தடி நூலுன்னா யார் வேணா இழுத்துப் போட்டுடலாம் அண்ணி. இதுல இழுத்தா அறுந்துடும். அது போற பக்கம் வுட்டு, வர்றப்ப சுத்தி, கெஞ்சிக் கெஞ்சித்தான் கொண்டாரணும். அண்ணனுக்கு அதான் புடிக்கும்.”

வீடியோவில் நீங்கள் பிடித்த மீன்தான் மோரான் கெண்டையாம், காற்றுக் குடிக்க மேலே வரும் என்று காட்டினான். அமைதியான தண்ணீரில் முதுகுகள் மெல்லப் புரண்டு மறைந்தன. எப்படி வீசுவது, கம்பின் நுனியை எப்படிச் சொடுக்கிப் பொம்மையை ஆடவைப்பது என்று சொல்லிக் கொடுத்தான். அரை மணி நேரம் நூலைச் சிக்கலாக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒன்று அடித்தது பாருங்கள், என் தோளே அதிர்ந்தது. மீன் எழும்பியது. எனக்கு இருந்த ஆத்திரத்தில் பலம்கொண்டு இழுத்தேன். பொம்மை பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

“குதிக்கறப்ப இழுக்கக் கூடாது அண்ணி. கம்பத் தாழ்த்திடணும். அதுக்கு வாய் கல்லு மாதிரி, முள்ளு நிக்காது.”

இதில் நம் வாழ்க்கைக்குப் பாடம் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மீன் மீன்தான். நீங்கள் மனுஷன், உங்களுக்கு வாய் இருந்தது.

வெயில் ஏறியபோது இரண்டாவது அடித்தது. தாழ்த்தினேன். நான்கு தரம் குதித்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தேன். ஒரு கிலோ இருக்கும். பெரிய கண். சாதிக் குனிந்து முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“நீங்களே வுட்டுடுங்க அண்ணி. அண்ணன் ஒன்னக்கூட எடுத்துக்கினு போனதில்ல. அவரு மனசு அப்படி.”

“மனசா?” என்றேன். “ஒரே ஒரு மீன் வூட்டுக்கு வந்திருந்தா, இது ஏதுன்னு நான் கேட்டிருப்பேன்ல? அதுக்குப் பயந்து வுட்டாருடா.”

யாழினி, “அம்மா, விடும்மா,” என்றாள். நான் அந்த மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சொல்லுங்கள் மாமா, முதல் மீனைப் பயத்தில் விட்டீர்கள், சரி. கடைசி மீனையும் பயத்தில்தான் விட்டீர்களா? இல்லை, நடுவில் ஏதோ ஒரு நாளில் உங்களுக்கே விடப் பிடித்துவிட்டதா? உங்களைத் தவிர அதை யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். அவ்வளவு முள். நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து வாய்க்கு வாய் முள் எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த மீன் ருசியாகவும் இல்லை. கொன்றதால் எனக்கு மனம் ஆறவும் இல்லை. பாதியில் யாழினி தலை நிமிராமல் சொன்னாள்.

“அம்மா, நான் மூணு வாரமா காலேஜுக்குப் போவல.”

தினமும் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினவள். “எங்கடி போற?” என்றேன்.

“பீச்சுல ஒக்காந்திருப்பேன். சாயங்காலம் வந்துடுவேன்.”

என் போன் பக்கத்திலேயே கிடந்தது. எச்சில் என்றுகூடப் பார்க்காமல் கை தானாக அதன்மேல் போய்விட்டது. அவள் காலேஜில் தெரிந்த மேடம் ஒருவர் இருக்கிறார். வேறு காலேஜ் பார்க்கலாம், வேறு பாடம் பார்க்கலாம். ஒரு நொடியில் ஐந்து வழி தோன்றிவிட்டது எனக்கு. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்தேன். “சொல்லு” என்றேன்.

அவள் உடனே சொல்லவில்லை. தட்டு காய்ந்தது. அப்புறம் கொஞ்சம் சொன்னாள். நேற்றும் கொஞ்சம் சொன்னாள். முழுதாக இன்னும் வரவில்லை. ஒன்றும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களை நான் மன்னிக்கவில்லை, மாமா. மன்னிப்பேன் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நம் பெண் பேசி முடிக்கிறவரை நான் எழுந்திருக்க மாட்டேன். ஒரு வருடம் ஆனாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகளும் யாழினியின் அம்மாவுமான
தமிழரசி