ஹவாய் வரலாறு, அரை கிரெடிட்

கொரின்,

குளிர்பெட்டியில் பக்கத்து வீட்டு நோஹியா கொடுத்த சோற்றுக்கட்டி இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு.

நீ பள்ளிக்குக் கிளம்பிய பிறகு, அங்கே பாடக் கணக்கைப் பார்க்கும் ஒஷிரோ சார் போனில் கூப்பிட்டார். பழைய பள்ளியில் நீ படித்த பாடங்களுக்கான கிரெடிட்டை எல்லாம் ஏற்றுக்கொண்டார்களாம். "ஹவாய் வரலாறு மட்டும் குறையுதுங்க, அரை கிரெடிட்" என்றார். "அவதான் வர்ஜீனியா வரலாறு படிச்சிருக்காளே?" என்றேன். "அது அந்த ஊருக்குங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சரி என்று வைத்துவிட்டேன்.

ஆக, நேற்றுப் பேசிய இரண்டு வழிதான். பன்னிரண்டாவது படிக்கும் நீ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் படித்தால் மே மாதம் இங்கே பட்டமளிப்பு மேடை ஏறலாம். இல்லையென்றால் பழைய பள்ளியே சான்றிதழைத் தபாலில் அனுப்பிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டுமாம்.

"தபால்லயே வரட்டும். இங்க அன்னிக்கு எல்லாருக்கும் சொந்தக்காரங்க வந்து மாலை மேல மாலையா மூக்கு வரைக்கும் போடுவாங்க. அப்பா அப்ப நேவி கப்பல்ல இருப்பாரு. எனக்கு யாரும்மா போடுவா?" என்று கேட்டாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தேன். காதில் விழாமல் இல்லை.

மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடு.

அம்மா

பி.கு.: நோஹியாவிடம் விசாரித்தேன். ஒரே ஆள் எத்தனை மாலை வேண்டுமானாலும் போடலாமாம்.