அந்தத் தீவுப் படம் ஓடிய மூன்று நாள்

சோடெர்ஹாம்ன்,
24 செப்டம்பர் 1963

என் சமையலறையின் முன்னாள் மகாராணியும், சட்டப்படி இன்னும் ஆறு மாதமும் சொச்சமும் என் மனைவியுமான யெர்டாவுக்கு,

நலம். நீ உன் அக்கா வீட்டுக்கு யேவ்லே போனதிலிருந்து நான் இளைத்து இளைத்து, நேற்று டிக்கெட் ஜன்னல் வழியாகவே நம் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டேன். கதவுக்கு வேலையில்லை.

ஊரெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிவிட்டது. நேற்று மாலைக் காட்சிக்குப் பதினொரு பேர். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர், "தூங்கத்தான் வர்றேன், சத்தம் கம்மியா வைங்க" என்று சொல்லியே டிக்கெட் வாங்கினார். ஆகவே பழைய படங்களை வரவழைக்கிறேன். அக்டோபர் ஐந்தாம் தேதி சனிக்கிழமை முதல் மூன்று நாள், அந்தத் தீவுப் படம். புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துபோகப் பெட்டியைக் கட்டிவிட்டுப் படகுத்துறையில் நிற்பார்களே, படகு வரவே வராதே, அது. பத்து வருஷம் முன்பு நாம் நிச்சயம் செய்துகொண்ட வாரத்தில் ஓட்டியபோது நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஊரின் ஜனத்தொகை பன்னிரண்டாயிரம் என்று நீ சொல்வாய். செத்தவர்களும் எழுந்து வந்தார்கள்.

நீ வந்து பார். கோர்ட் நம்மைப் பிரித்துவைத்திருக்கிறது; படம் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை.

உன் அடிமை,
எல்டோர்

யேவ்லே,
30 செப்டம்பர் 1963

எல்டோர்,

சனிக்கிழமை வருகிறேன். பின்பக்க மாடிப்படி வழியாக வருவேன், நீ படம் ஓட்டும் மெஷின் அறையில் உட்கார்ந்து பார்ப்பேன். யாருக்கும் சொல்லாதே. அந்த ஊர்த் தெருவில் நான் நடந்தாலே ஜனங்கள் சிரிக்கிறார்கள். ஒருமுறை பன் தட்டைக் கீழே போட்டேன், ஆறு பன். நீ சொல்லிச் சொல்லி அது இருநூறு பன்னாகி, தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. அதை மன்னித்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமில்லை என்று போன வருஷம் சமையலறையில் உன்னிடம் சொன்னேன் அல்லவா? சாயங்காலத்துக்குள் அது டிக்கெட் வரிசையில் வேடிக்கைக் கதையாக நின்றது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஆனாலும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். அன்றைக்கே ரயிலேறிவிடுவேன்.

யெர்டா

சோடெர்ஹாம்ன்,
9 அக்டோபர் 1963

என் யெர்டா,

சனி, ஞாயிறு, திங்கள். அன்றைக்கே ரயிலேறுவேன் என்றவள் மூன்று நாள் இருந்தாய். ஒரே படத்தை மூன்று தடவை பார்த்தோம். படத்தில் அந்தப் புருஷன் ஒரு சின்னத் தோணியை எடுத்து எதிர்த்திசையில் துடுப்புப் போடும்போது மூன்று தடவையும் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். இரண்டாவது ரீல் மாற்ற மறந்தேன், கீழே ஜனங்கள் சீழ்க்கையடித்தார்கள். தியேட்டருக்கு மேலே நம் வீட்டில், உன் பழைய இடத்தில் தூங்கினாய்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் செய்தது என்ன? பால்காரன் ரூனேவிடம், "ஆறு குதிரை பூட்டின பனிவண்டியில மகாராணி திரும்பி வந்துட்டாங்கடா, நாலு லிட்டர் கூட ஊத்து" என்றேன். சந்தோஷத்தில் சொன்னேன். அவன் வண்டி போனதும் திரும்பினால் நீ பின்படியில் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறாய்.

"மூணு நாள் கதை கட்டாம தாங்கிட்ட எல்டோர். பரவாயில்ல" என்றாய். பின்பக்கமாகவே இறங்கி ரயிலுக்குப் போய்விட்டாய். என் வாயைத் தைத்துவிடத் தையல்காரனைத் தேடி ஸ்டாக்ஹோம் வரை ஆள் அனுப்பியிருக்கிறேன். பார்த்தாயா, இந்த வரியிலும் வந்துவிட்டது.

எல்டோர்

யேவ்லே,
2 மார்ச் 1964

எல்டோர்,

விவாகரத்துக்கு முன் கோர்ட் நம்மைப் பிரிந்து வாழச் சொன்ன ஒரு வருஷம் ஏப்ரல் மூன்றாம் தேதி முடிகிறது. இத்துடன் இருக்கும் படிவத்தில், வருஷம் முழுக்க நாம் தனித்தனியாக வாழ்ந்தோம் என்று நீயும் நம்பகமான இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். போதகர் ஹெட்பெரியையும் டிக்கெட் ஜன்னல் அஸ்டாவையும் கேள்.

வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இங்கே ரயில்வேயில் ஹென்னிங் என்று ஒருவர். மழை பெய்தால் மழை பெய்கிறது என்று மட்டும் சொல்வார். அவர் பக்கத்தில் இருந்தால் என்னால் மூச்சு விட முடிகிறது.

யெர்டா

சோடெர்ஹாம்ன்,
7 மார்ச் 1964

யெர்டா,

கையெழுத்துப் போடவில்லை. அக்டோபரில் மூன்று நாள் ஒரே கூரைக்குக் கீழே கணவன் மனைவியாக இருந்தோம். அப்படி இருந்தால் பழைய கணக்கு செல்லாது, வருஷம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம். எனக்கு இன்னொரு வருஷம் கிடைத்தால் நான் மாறிவிடுவேன். இது மிகையில்லை.

போதகரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எல்டோர், போன மாசம் நீங்க பிடிச்ச மீன் படகைவிடப் பெருசுன்னீங்க. இப்ப மூணு நாளா?" ரூனேவைக் கூப்பிட்டு விசாரித்தார். ரூனே தொப்பியைக் கழற்றி, "ஆமா போதகரே, பனிவண்டியில வந்தாங்கன்னு சொன்னார். அக்டோபர்ல பனி எங்க இருந்துச்சு?" என்றான். அஸ்டாவும், "ஒரே தியேட்டர்ல இருக்கேன், எனக்குத் தெரியாமலா? பாவம், மனுஷன் கனவு கண்டிருக்கார்" என்று என் தோளைத் தட்டினாள்.

பின்படி வழியாகத்தான் வருவேன் என்றவள் நீ. அதனால் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் இந்த ஊர் என் பொய்யையெல்லாம் கை தட்டிக் கேட்டது. முதன்முதலாக ஒரு நிஜத்தைக் கொண்டுபோனேன், வைக்க இடமில்லை. நீ ஒரு வரி எழுதினால் நம்புவார்கள்.

எல்டோர்

யேவ்லே,
12 மார்ச் 1964

எல்டோர்,

போதகர் என்னைக் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு நாளாக அது மேஜைமேல் கிடக்கிறது. நீ சொன்னது உண்மை என்று எழுதினால் இன்னொரு வருஷம். பொய் என்று எழுதினால், நீ உண்மை பேசிய ஒரே தடவை நான் உன்னைப் பொய்யனாக்கியவள் ஆவேன். என்னால் இரண்டும் முடியவில்லை. அக்காவிடமும் சொல்ல முடியாது, ஹென்னிங்கிடமும் சொல்ல முடியாது.

அந்த மூன்று நாள் நான் நடிக்கவில்லை. உன்னோடு சிரிக்க என்னால் எப்போதும் முடிந்தது. வாழத்தான் முடியவில்லை. நீ மாறிவிடுவாய் என்கிறாய். மாறினால் நீ எப்படி இருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன், அதையும் பார்க்க எனக்கு மனசில்லை.

என்ன எழுதுவது என்று நீயே சொல்.

யெர்டா

சோடெர்ஹாம்ன்,
17 மார்ச் 1964

அன்புள்ள யெர்டா,

நீ எதுவும் எழுத வேண்டாம். இன்று காலை போதகர் வீட்டுக்குப் போய்வந்தேன்.

"அப்ப அந்த மூணு நாள்?" என்று கேட்டார்.

"பனிக்கால பூட்ஸ் எடுக்க வந்தா. அரை மணி நேரம். கோட்டைக்கூடக் கழட்டல. காப்பி தரட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இதைத்தானே மொதல்லயே சொல்லியிருக்கணும்" என்று சொல்லி, பேனாவை எடுத்து அப்படியே எழுதி, மை ஒற்றும் தாளை வைத்து ஒற்றினார். கையெழுத்துப் போட்டார். பிறகு அஸ்டா போட்டாள். பிறகு நான். படிவம் இத்துடன் இருக்கிறது.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரூனே வண்டியை நிறுத்தி, "என்ன அண்ணே, இன்னிக்கு ஒரு கதையும் இல்லையா?" என்றான். இல்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டு என் கையில் ஒரு லிட்டர் பாலைத் திணித்துப் போனான்.

நீ அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு கோப்பை காப்பி குடித்தாய். நான்குதான். எண்ணினேன். இதை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

எல்டோர்