படிக்காமல் போட்ட கையெழுத்து

2025 ஆகஸ்ட் 4, திங்கள்
நாற்பத்திரண்டு படங்கள் முடித்தேன். காய்ந்த செடிகளை ஒட்டிவைத்த பழைய தாள்களின் படங்கள். எழுதியிருக்கும் பெயர் சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற தாவரவியல் வாத்தியாருக்கு, ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்தபடியே லண்டன் நிறுவனம் கொடுக்கும் வேலை. ஐந்து வருடம் ஆகிறது.

மதியம் அவர்களுடைய சென்னை ஆள் சரிதா போன் செய்தது. "சார், அக்டோபர் பதினாலுலேர்ந்து மூணு நாள் லண்டன்ல மீட்டிங். புது முறையை அங்கதான் சொல்லித் தராங்க. வராதவங்களுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்காது."

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஆகஸ்ட் 6
வேலை விசாவா, சுற்றுலாவா? "விசிட்டர் விசா போதும் சார், மீட்டிங்குக்கு அதுலயே போகலாம்" என்கிறது சரிதா. அங்கே அறையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தால் அது வேலை ஆகாதா? போவது கூட்டத்துக்காக என்றால் இடையில் பார்த்துக்கொள்ளலாமாம். மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை கேட்க வெட்கமாக இருந்தது. எழுதி அனுப்பச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19
விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பினேன். தண்டனை உண்டா, வழக்கு உண்டா — இல்லை, இல்லை. அடுத்த கேள்வி: உங்கள் நன்னடத்தையைச் சந்தேகிக்க வைக்கும் வேறு ஏதேனும் உண்டா?

கணினியை மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 20
பத்து வருடமாக இந்த நோட்டில்கூட எழுதாததை எழுதிவிடுகிறேன்.

2015. மாநில எல்லைக்கு அப்பால் ஒரு பழைய மாணவனுக்குக் கல்யாணம். திரும்பும்போது போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் அடையாள அட்டையில் ஜவ்வாது மலை என்று இருந்தது. அவர்களுக்கு மலைக்காரன் என்றால் செம்மரம் வெட்ட வந்தவன். என்னோடு ஒன்பது பேரை இறக்கினார்கள். வாத்தியார் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். இரண்டு நாள் ஸ்டேஷன் தரை. பத்து விரலிலும் மை. மூன்றாம் நாள் காலை ஒரு தாளை நீட்டினார்கள், முழுக்கத் தெலுங்கு. கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார்கள். போட்டேன்.

"கேள்வியை முழுசா படிச்சிட்டு எழுது" என்று முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன்.

அதில் என்ன இருந்தது? மரம் வெட்டினேன் என்றா?

ஆகஸ்ட் 22
நடந்தது தெரிந்த ஒரே ஆள் என் மனைவி சின்னக்குழந்தை. சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா வாத்தியாரே, புடிச்சவனே மறந்துட்டிருப்பான். நீங்கதான் இன்னும் அங்கயே குந்திக்கினு இருக்கீங்க."

"கேஸ் இருந்தா?"

"இருந்தா பென்ஷன் குடுத்திருப்பானா?"

பென்ஷன் கொடுத்தவர்களுக்கு அந்தத் தாளைப் பற்றி எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 26
செங்கம் போனேன். வக்கீல் நீலாவதி கணினியில் தேடிப் பார்த்தார். "உங்க பேர்ல எதுவும் வரலை சார். ஆனா அந்தத் தாள் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கான்னு நான் சொல்ல முடியாது."

திரும்பும் வழியில் செக்போஸ்ட் அருகே பஸ் நின்றது. கண்டக்டர் டீ குடிக்கத்தான் இறங்கினார். அதற்குள் நான் அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 29
அழைப்புக் கடிதத்தை ஸ்கேன் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தெரிந்த ஒருவருக்கு இப்படி ஒரு சிக்கல் என்று கடைக்காரன் தேவராஜிடம் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"இல்லன்னு டிக் போட்டா போச்சு சார். லண்டன்காரன் இன்னா மலையேறி வந்தா விசாரிக்கப் போறான்?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "அந்த ஒருத்தரைப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றான்.

செப்டம்பர் 1
எழுதிவிட்டேன். விண்ணப்பத்தின் அந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் ஆறு வரி, ஏழு முறை திருத்தி. கடைசி வரி: அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அனுப்பும் பட்டனை அழுத்த விரல் வரவில்லை. சின்னக்குழந்தை அழுத்தினாள். "நான்தான் அனுப்பனேன். உள்ள போட்டா என்னைப் போடட்டும்."

செப்டம்பர் 8
சென்னை. விசா மையத்தில் விரல் ரேகை. மை இல்லை, கண்ணாடிதான். விரல்களை அழுத்தி வைத்ததில் இரண்டு முறை பதியவில்லை. "லூசா வைங்க ஐயா, ஒண்ணும் பண்ணாது" என்றது அங்கிருந்த பெண். பதிந்ததும் விரல்களை வேட்டியில் துடைத்தேன். துடைக்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் 17
ஒன்றும் வரவில்லை.

செப்டம்பர் 24
வரவில்லை. படங்களில் மூன்று பிழை விட்டிருக்கிறேன். நான் பிழை விடுகிறவன் இல்லை — இல்லையா?

செப்டம்பர் 30
பாஸ்போர்ட் வந்தது. உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்தேன். சின்னக்குழந்தைதான் பிரித்தாள்.

"ஒரு பக்கத்துல உங்க போட்டோ ஒட்டியிருக்குது. மூஞ்சியைப் பாரு, திருடன் மாதிரி."

விசாதான். தேதிகளை நான்கு முறை சரிபார்த்தேன்.

அக்டோபர் 13, லண்டன்
விமான நிலைய அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். மூன்று நாள் கூட்டம் என்றேன். போகச் சொன்னார். யாராவது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று வாசல் வரை பின்னால் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். பெட்டியைத் திறந்து மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். முன்பக்கம் படித்தேன், பின்பக்கமும் படித்தேன். ஒரு சொல் புரியவில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன், சொன்னாள். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள்.

பிறகுதான் போட்டேன்.