சுவரில் மாட்டியிருக்கும் என் கண்

செவ்வாய்க்கிழமை

இன்று எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் கண் கிளினிக்குக்கு ஓசிடி மெஷின் வந்தது. பழைய கேமரா விழித்திரையை மேலாகத்தான் படம் எடுக்கும். இது கேக்கை வெட்டிப் பார்த்த மாதிரி அடுக்கடுக்காகக் காட்டும்.

எந்த மெஷின் வந்தாலும் முதலில் என் கண்ணை வைத்துத்தான் சோதிப்பார்கள். நல்ல கண் என்று பெயர். நோயாளிகளுக்குக் காட்டச் சுவரில் மாட்டியிருப்பதும் என் வலது கண் படம்தான்.

அதே வலது கண்ணைக் கேமராவில் இன்றும் எடுத்தோம். சுத்தமாக இருந்தது. ஓசிடியில் நட்டநடுவே, அடுக்குக்கு அடியில், நீர் கோத்திருந்தது. டாக்டர் மேடம் மறுபடி எடுக்கச் சொன்னார். அதிலும் இருந்தது. "எழுத்து வளைஞ்சு தெரியுதாம்மா?" என்றார். சார்ட்டைப் பார்த்து இல்லை என்றேன். ஒரு கண்ணைப் பொத்தாமல், இரண்டையும் திறந்துகொண்டு பார்த்தேன். நோயாளி யாராவது அப்படிப் பார்த்தால் விடமாட்டேன்.

சாயங்காலம் சர்க்கரைக்காகக் கண் காட்ட ஒரு மீன்காரக்கா வந்தார். சுவரைக் காட்டி, "இன்னாம்மா, என் கண்ணும் இந்த மாரி கீதா?" என்றார்.

"இப்படி இருந்தா கவலையே இல்லக்கா" என்றேன். வாய்ப் பழக்கம்.

இப்போது இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். நோட்டுக் கோடு நடுவில் வளைகிறது.