பிழையே விடாத பிள்ளை

1998 ஜனவரி 19, திங்கள்

இன்று முதல் எங்கள் மாடியில் எதிர் வீட்டுச் சிவானியோடு பகலில் இருக்கிறேன். இந்த நாட்டு உறைபனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்ட பிள்ளை. பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. தாய் பேபியும் தகப்பனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தார் ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து ரெலிபோன் வயரில் கொழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாடம் திரையில் வரும்; பிள்ளை அழுத்தும் விடை ரெலிபோன் வழியாக வகுப்பாசிரியரிடம் போகும். மார்ச் விடுமுறைக்குள் பாடங்கள் ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் அடுத்த வருடமும் ஆறாம் வகுப்புத்தான். வேலைக்கு வெளிக்கிட்ட பேபி கதவடியிலிருந்து திரும்பி வந்து இதை இன்னொருதரம் சொன்னாள்.

பிள்ளை என்னை அம்மம்மா என்று கூப்பிடப் பார்த்தாள். அன்ரி போதும் என்றேன்.

ஜனவரி 21, புதன்

இந்தக் கொம்பியூட்டருக்கு வளர்ப்புப் போதாது. பிழையான விடைக்கும் ‘நல்ல முயற்சி’ என்கிறது. ஊரில் நான் படித்த கொன்வென்ரின் மதர் சுப்பீரியர் கண்டிருந்தால் இதைச் சுவரைப் பார்க்க நிற்கவைத்திருப்பா. மூலையில் ஓர் ஆந்தை வேறு. அதை அழுத்தினால் கணக்குக்கு வழி சொல்லித் தருகிறது. பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆந்தைக்குத் தடை போட்டேன்.

“அது எங்களுக்கெண்டுதானே அன்ரி வைச்சிருக்கு.”

“கையும் உனக்கெண்டுதான் இருக்கு. அதுக்காகக் களவெடுக்கிறியே?”

ஜனவரி 23, வெள்ளி

ஒழுங்கு வந்துவிட்டது. முதலில் ரஃப் கொப்பியில் செய்வது. நான் பார்ப்பது. பிழையென்றால் வெட்டிவிட்டுத் திரும்பச் செய்வது. சரியான விடை மட்டும் திரைக்குப் போகும். கொன்வென்ரில் நல்ல கொப்பியில் மை படுமுன் நாங்கள் செய்தது இதைத்தான். ஒரு பின்னக் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். கடைசியில் அவள் பார்த்த பார்வையை நான் காணாததுபோல இருந்தேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் எல்லாம் சரி. கொம்பியூட்டர் கைதட்டியது. பழக்கினால் அதுவும் திருந்தும்போலிருக்கிறது.

பெப்ரவரி 12, வியாழன்

வகுப்பாசிரியர் மிஸ்டர் பென்னட் நேற்றுப் பேபியோடு கதைத்திருக்கிறார். ஒரு பிழைகூட இல்லை, ஆந்தையை ஒருதரமும் தொடவில்லை, விடைகள் வந்து விழும் வேகமும் ஒரு பிள்ளையின் வேகம் இல்லை. ஆகவே யாரோ பெரியவர் செய்து கொடுக்கிறாராம். இதுவரை அனுப்பியது ஒன்றையும் கணக்கில் எடுக்கமாட்டாராம்.

களவாம் — என்ரை வீட்டுக்கு முன்னாலை — நான் இருக்கேக்கை!

உடனே அவருக்கு ரெலிபோன் எடுத்தேன். எங்கள் முறையை விளக்கினேன். ரஃப் கொப்பியைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்றேன். அதில் முழுக்க உங்கள் சிவப்பு மைதானே இருக்கும் என்றார். பிள்ளை எங்கே தடுமாறுகிறாள் என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு, பிழைகளையெல்லாம் நீங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் நான் எதைப் படிப்பிப்பது என்றும் கேட்டார். பதில் சொன்னேன். நல்ல பதில் இல்லை.

நடுவில், உங்கள் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே என்றார். உங்களுடையதும் பரவாயில்லை என்றேன்.

வருகிற செவ்வாய் அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தபடி தன் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, சிவானி தனியாகப் பத்துக் கணக்குச் செய்யவேண்டும். அதில் திருப்தியென்றால் பழையதும் சேரும். கொப்பி கூடாது. நான் கூடாது.

பெப்ரவரி 13, வெள்ளி

பிள்ளை அழுதிருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது.

“நான் பிழை விட்டா? என்ரை கிளாஸ் துர்க்கா ஆக்கள் எல்லாரும் செவனுக்குப் போயிடுவினம். ஐ வில் பி வித் த லிட்டில் கிட்ஸ்.”

கொப்பி இல்லாமல் செய்துபார் என்றேன். விரல் அந்தரத்தில் நின்றது. ஒவ்வொரு விடைக்கும் முதல் என் முகத்தைப் பார்க்கிறாள். செவ்வாய்க்கிழமை என் முகம் அங்கே இராதே. இதை யார் பழக்கியது? வேறு யார்.

கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். வெளியே பார்க்க என்ன இருக்கிறது, இதேபோல இன்னொரு கட்டடம்.

“அன்ரி, ஆந்தையை அமத்தட்டே?”

“எனக்குத் தெரியாது. நான் யன்னலைப் பார்க்கிறன்.”

ஆந்தை அலறியது. கேட்காததுபோல இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று நான் நினைக்கவில்லை.

பெப்ரவரி 17, செவ்வாய்

குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு வெங்காயம் உரித்தேன். ‘நல்ல முயற்சி’ கேட்டது. கத்தி நின்றுவிட்டது. எழும்பினேன், திரும்ப இருந்தேன். பிறகு ஆந்தை. பிறகு கைதட்டல்.

பத்துக்கு எட்டு. இதுதான் பிள்ளையின் கை, நன்றாகத் தெரிகிறது என்று மிஸ்டர் பென்னட் திரையில் எழுதியிருந்தார். பழைய பாடங்களும் சேருமாம். பேபிக்கு வேலையிடத்துக்கே ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். மெஷின் சத்தத்துக்கு மேலால் இன்னொருதரம் சொல்லச் சொன்னாள்.

“எந்த ரெண்டு பிழைச்சது?” என்று பிள்ளையைக் கேட்டேன்.

“அது எனக்கும் மிஸ்டர் பென்னட்டுக்கும் அன்ரி. பிரைவேற்.”

வீட்டில் இருக்கும் வெங்காயம் முழுவதையும் உரித்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் 23, திங்கள்

சிவானி இன்று பள்ளிக்கூடம் போனாள். பேபி கூடப் போக அரைநாள் லீவு எடுத்திருந்தாள். நான் லிஃப்ற் வரைக்கும் போனேன். பிள்ளை ஊன்றுகோலைப் பிழையான கையில் பிடித்திருந்தாள். கதவு மூடும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு யன்னலால் பார்த்தேன். வீதி கடக்க முதல் தானாகவே கை மாற்றிக்கொண்டாள்.