ஹேரிம் முதலிடம் வந்தது

தேகு,
மே 24, 1998

அன்புள்ள ஹேரிம் அப்பாவுக்கு,

நலம்தானே? உங்கள் கப்பல் கட்டும் தளத்தில் ஆட்களைக் குறைப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஹேரிம் வகுப்பில் முதலிடம் வந்ததைப் போனில் சொன்னேன். தங்குமிடத்தில் எல்லாருக்கும் குடிக்கச் சோஜு வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். மீதியைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

பரீட்சைக்கு முன்பு, எதிர் பிளாக் உன்ஜுவுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. ஹேரிம் வகுப்பில் எப்போதும் முதலில் வருகிற பிள்ளை. அவள் அம்மா போன் செய்து, "வரலாறு பரீட்சைக்குப் புதுசா ஏதாவது பாடம் சேர்த்தாங்களா? ஹேரிமைக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். ஹேரிம் குளித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பாடத்தையும் சேர்த்துவிட்டதாக அன்று காலைதான் அவள் என்னிடம் அலுத்துக்கொண்டாள். நான், "ஒண்ணும் சேர்க்கலையாம்" என்று சொல்லிவிட்டேன். குரல்கூட நடுங்கவில்லை. உன்ஜு அம்மா நன்றி சொல்லி, மறுநாளே ஒரு டப்பா கிம்ச்சி கொடுத்தனுப்பினாள்.

உன்ஜு ஏழாவதாக வந்தாள். வகுப்பில் பிள்ளைகள் ஹேரிமைச் சூழ்ந்துகொண்டு, "பொய் சொல்லித்தானே முதல்ல வந்தே?" என்று கேட்டிருக்கிறார்கள். போனில் பேசியது யார் என்று அவளுக்கு அந்த நிமிடமே புரிந்திருக்கும். ஆனால் என் பெயரை எடுக்கவில்லை. "நான்தான் மறந்து தப்பாச் சொல்லிட்டேன்" என்றாளாம். அன்றிலிருந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. கொடுத்தனுப்புகிற டிபன் அப்படியே திரும்பி வருகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதெல்லாம் வகுப்பு ஆசிரியை கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று உன்ஜு வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவள் அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஹேரிம் எதிர்ல வந்தப்போ நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேனே, அந்தப் பிள்ளை எனக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லுச்சே" என்று அவள் அழுதாள். உன்ஜு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வந்து ஹேரிமிடம் சொன்னேன். "ஏம்மா போனீங்க? எனக்குப் பழகிடுச்சு" என்றாள். பதினேழு வயதுப் பெண் சொல்கிற பேச்சா இது? அதற்கப்புறம், "கொஞ்ச நாள் அப்பாகிட்ட இருந்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

சனிக்கிழமை மதியப் பஸ்ஸில் அனுப்புகிறேன். இந்தக் கடிதம் அதற்குள் கைக்கு வந்துவிடும். நிலையத்துக்குப் போய் அழைத்துக்கொள்ளுங்கள். முதலிடம் வந்த என் மகள் என்று யாரிடமும் சொல்லி அறிமுகப்படுத்தாதீர்கள். கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். சூடாக ஏதாவது வாங்கிக் கொடுங்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். எப்போது திரும்புகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் எவ்வளவு நேரம் தூங்கினாலும் எழுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மியோங்சுக்